கடலின் நீலம் எழுப்பிய வினா

நுழையும் முன்

பள்ளியில் அறிவியல் போட்டி அறிவிக்கப்பட்டதும் மாணவர் பலர் தயங்கி நிற்பர். விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமே என்பர் சிலர். பெரியவர் எவரேனும் செய்து தந்தால்தான் வெல்ல முடியும் என்பர் வேறு சிலர். பரிசு கிடைக்காவிட்டால் உழைப்பெல்லாம் வீணாகுமே என்று அஞ்சுவோரும் உளர். இம்மூன்று தயக்கங்களுக்கும் ஒரு மனிதரின் வாழ்க்கை விடையாக அமைந்துள்ளது. அவர்தாம் சர் சி. வி. இராமன். அவர் வரலாற்றை அறிவோம்.

பிறந்த ஊரும் வளர்ந்த ஊரும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் சந்திரசேகர வேங்கட இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகரர், தாயார் பார்வதி அம்மாள். பிள்ளைகள் எண்மருள் இராமன் இரண்டாமவர். 1892ஆம் ஆண்டில் தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணியை ஏற்றார். அதனால் குடும்பம் தமிழ் மண்ணை விட்டுத் தெலுங்கு பேசும் கடற்கரை ஊருக்குக் குடிபெயர்ந்தது.

வீட்டில் ஒரு மொழி, தெருவில் வேறொரு மொழி என்னும் நிலை உங்களுள் பலருக்குப் பழகியதே. இராமனும் அவ்வாறே வளர்ந்தார். தந்தையார் சேர்த்து வைத்திருந்த அறிவியல் நூல்கள் அவருக்குத் தோழர்களாயின. தந்தையார் மீட்டிய வயலின் இசை அவர் செவியை நிறைத்தது. நூலும் இசையும் கடலும் சூழ்ந்த அவ்வில்லத்தில்தான் அவருடைய அறிவியல் ஆர்வம் முளைவிட்டது. பதினொன்றாம் வயதிலேயே அவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார்.

கல்லூரியில் கண்ட புதுமை

1903ஆம் ஆண்டு இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டே இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்று, இயற்பியலுக்கான பொற்பதக்கத்தையும் வென்றார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லுமாறு ஆசிரியர்கள் அறிவுறுத்தினர். ஆயினும் அவரைச் சோதித்த மருத்துவர், அந்நாட்டுக் குளிரை இம்மெலிந்த உடல் தாங்காது என்று தடுத்துவிட்டார். அதனால் அவர் சென்னையிலேயே முதுகலை பயின்றார்.

ஒருநாள் கல்லூரி ஆய்வகத்தில், கண்ணாடி முப்பட்டகம் ஒன்றின் கோணத்தை அளக்கும் பயிற்சியில் அவர் ஈடுபட்டிருந்தார். மாணவர் அனைவரும் செய்யும் வழக்கமான பயிற்சிதான் அது. பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் பட்டபோது சில ஒளிப்பட்டைகள் தோன்றின. அவை இருபுறமும் ஒத்திராமல் ஏற்றத்தாழ்வாக அமைந்திருந்தன. பாடத்திற்கு வேண்டியது கோணம் மட்டுமே என்று எண்ணியிருந்தால், அளவைக் குறித்துக்கொண்டு அவர் வெளியேறியிருக்கலாம். அவரோ அப்பட்டைகள் ஏன் அவ்வாறு தோன்றுகின்றன என்று தம்மையே வினவிக்கொண்டார். மீண்டும் மீண்டும் அளந்து, கணக்கிட்டு, ஒரு கட்டுரை எழுதினார். இலண்டனில் வெளிவந்த புகழ்பெற்ற அறிவியல் இதழில் 1906ஆம் ஆண்டு நவம்பரில் அக்கட்டுரை வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

இவ்வாய்வுக்குப் புதிய கருவி எதுவும் வாங்கப்படவில்லை. எல்லா மாணவரும் தொட்ட அதே கருவி. எல்லாரும் கண்டிருக்கக்கூடிய அதே ஒளி. வினா மட்டுமே புதியது.

அலுவலகமும் ஆய்வுக்கூடமும்

அக்காலத்தில் அறிவியல் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொள்ள இந்தியாவில் வாய்ப்புகள் அரிதாக இருந்தன. எனவே இராமன் அரசின் நிதித்துறைப் போட்டித் தேர்வை எழுதி, அதில் முதலிடம் பெற்றார். 1907ஆம் ஆண்டு உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, அவ்வாண்டே கல்கத்தாவில் உயர் கணக்கு அதிகாரியாகப் பணியேற்றார்.

பணிக்குச் செல்லும் வழியில், பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்னும் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876ஆம் ஆண்டில் நிறுவிய கழகம் அது. இந்தியர் தம் சொந்த முயற்சியால் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்பதே நிறுவியவரின் விருப்பம். ஆயினும் அதன் ஆய்வுக்கூடத்தைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. இராமன் அக்கதவைத் தட்டினார், கதவு திறந்தது.

அன்று முதல் அவருடைய நாள் இரண்டாகப் பிரிந்தது. விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம். பல்கலைக்கழகம் சென்று பயிலாத ஆசுதோஷ் தே என்னும் வங்காளி அன்பர் பல்லாண்டுகள் அவருக்குத் துணைநின்றார். இடையில் பணிமாற்றத்தால் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் இராமன் செல்ல நேர்ந்தது. ஊர் மாறியது; ஆராய்ச்சி மாறவில்லை. வீட்டையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு அவர் தொடர்ந்து உழைத்தார்.

பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1917ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரை இயற்பியல் பேராசிரியராக அழைத்தது. அரசுப் பணியில் அவர் பெற்றதைக் காட்டிலும் அங்கு ஊதியம் மிகக் குறைவு. பதவியா, ஆராய்ச்சியா என்னும் வினா அவர் முன் எழுந்தது. அவர் ஆராய்ச்சியைத் தேர்ந்தார்.

மிருதங்கத்தில் ஓர் ஆய்வு

இராமன் தொடக்கத்தில் ஆராய்ந்த பொருள்களுள் இசைக்கருவிகள் முதன்மையானவை. வீணை, வயலின், மிருதங்கம், தபேலா ஆகியவற்றின் ஒலியை அவர் நுணுகி ஆய்ந்தார். பொதுவாக, ஒரு தோற்கருவியைத் தட்டினால் எழும் ஒலிகள் தம்முள் இசைந்து நில்லா. இரைச்சல் போலவே கேட்கும். மிருதங்கத்திலோ இனிய சுருதி பிறக்கிறது. காரணம் யாது? வலப்பக்கத் தோலின் நடுவே இடப்படும் கரிய பூச்சுதான் என்று அவர் விளக்கினார். அப்பூச்சின் எடை, தோலின் அதிர்வுகளை ஒன்றோடொன்று இசைந்த விகிதங்களில் அமையச் செய்கிறது.

நம் முன்னோர் செவியால் உணர்ந்து செய்த நுட்பத்திற்கு இவ்வாறு அறிவியல் விளக்கம் கிடைத்தது. கோயிலிலும் கச்சேரியிலும் அன்றாடம் கேட்கும் ஒலியிலும் ஆராய்ச்சிக்குரிய பொருள் உண்டு என்பதை இராமன் காட்டினார்.

கடலின் நீலம்

1921ஆம் ஆண்டு, ஆக்சுபோர்டில் நடைபெற்ற பல்கலைக்கழக மாநாட்டிற்கு இராமன் கப்பலில் சென்றார். அதுவே அவருடைய முதல் ஐரோப்பியப் பயணம். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நிறம் நீரில் தெரிவதாலேயே கடல் நீலமாகத் தோன்றுகிறது என்று அக்காலத்து அறிஞர் கூறிவந்தனர். பெரியோர் கூறிய விடையேயாயினும், சோதித்துப் பார்த்த பின்னரே ஏற்பது அறிவியலின் இயல்பு.

திரும்பும் வழியில் நார்க்குண்டா என்னும் கப்பலின் மேல்தளத்தில் நின்று அவர் சோதனை செய்தார். அவர் கையில் இருந்தது, உள்ளங்கையில் அடங்கும் ஒளியியல் பட்டகம் ஒன்றே. நீரின் மேற்பரப்பில் தெறித்துவரும் வான ஒளியை அதன் உதவியால் தடுத்துவிட்டுக் கடலை நோக்கினார். வானத்தின் சாயலே காரணமாயின், நீலம் மறைந்திருக்க வேண்டும். மாறாக, நீலம் முன்னிலும் ஆழ்ந்து தோன்றியது. ஆகவே அந்நிறம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்று அவர் தெளிந்தார். நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே காரணம் என்று எழுதினார். ஒளியிலுள்ள செந்நிறத்தை நீர் உறிஞ்சிக்கொள்வதும் அந்நீலத்திற்குக் காரணம் என்பதை இன்று நாம் அறிவோம். ஒரு விடை அடுத்த வினாவுக்கு வழிவிடுவதே அறிவியலின் வளர்ச்சி.

ஏழாண்டு உழைப்பு

கப்பலில் எழுந்த வினா கரையில் இறங்கியதும் மறைந்துவிடவில்லை. கல்கத்தாவில் இராமனும் அவர் மாணவர்களும் பலவகை நீர்மங்களில் ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தனர். 1923ஆம் ஆண்டு கே. ஆர். இராமநாதன் என்னும் மாணவர், சிதறிய ஒளியில் வேறு நிறத்தின் மெல்லிய சாயல் ஒன்றைக் கண்டார். நீர்மத்தில் கலந்த மாசினால் அது தோன்றுகிறது என்று முதலில் கருதினர். நீர்மத்தைப் பலமுறை தூய்மை செய்தும் அச்சாயல் மறையவில்லை. பொருந்தாத அச்சிறு சாயலை அவர்கள் புறக்கணிக்கவில்லை. 1928ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெங்கடேசுவரன் என்னும் மாணவர், தூய கிளிசரினில் சிதறிய ஒளி நீலமாக இராமல் பசுமை கலந்து தோன்றுவதைக் கண்டறிந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அப்போது இராமனுடன் சேர்ந்து அல்லும் பகலும் உழைத்தார். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைகாட்டியின் வழியே நோக்கியபோது, ஐயம் நீங்கியது. ஒரே நிறமுடைய ஒளியைப் பொருளினுள் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் அந்நிறத்தோடு வேறு நிறமும் சிறிதளவு கலந்திருந்தது.

இதன் காரணத்தை எளிதில் உணரலாம். ஒளித்துகள் ஒன்று மூலக்கூறின்மீது மோதும்போது, தன் ஆற்றலில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்துவிடலாம். சிலபோது அதனிடமிருந்து ஆற்றலைப் பெறவும் கூடும். ஆற்றல் மாறினால் நிறமும் மாறும். ஆனால் ஏறத்தாழ ஒரு கோடித் துகள்களுள் ஒன்றுக்கே இம்மாற்றம் நிகழ்கிறது. அதனால்தான் அதனைக் காண்பது அத்துணை அரிதாயிற்று. இராமன் விளைவு என்று உலகம் இதனை அழைக்கிறது. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறும் தனக்கே உரிய வகையில் ஒளியை மாற்றுவதால், அம்மாற்றத்தைக் கொண்டு பொருளை அடையாளம் காணலாம். இன்று மருந்தின் தூய்மையையும் மணிக்கற்களின் உண்மைத்தன்மையையும் அறிய இது பயன்படுகிறது. 2021ஆம் ஆண்டு செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியும் அங்குள்ள பாறைகளை ஆராய இம்முறையைக் கையாள்கிறது.

வெற்றியும் காத்திருத்தலும்

அதே பிப்ரவரித் திங்களில் மாஸ்கோ நகரில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்னும் அறிஞர் இருவர் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தனர். ஒருவர் முயற்சியை மற்றவர் அறியார். இராமன் காலந்தாழ்த்தவில்லை. கண்டுபிடிப்பை மறுநாளே செய்தித்தாள்களுக்கு அறிவித்தார். மார்ச் 16ஆம் நாள் பெங்களூரில் விரிவுரை நிகழ்த்தினார். அதனை அச்சிட்டுப் பல நாட்டு அறிஞர்களுக்கும் அனுப்பினார். மாஸ்கோ அறிஞர்களின் கட்டுரை சில திங்கள் கழித்தே வெளிவந்தது. நன்கு செய்த ஆய்வை உரிய காலத்தில் தெளிவாக எடுத்துரைப்பதும் அறிவியலாளரின் கடமை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இராமன் நோபல் பரிசைப் பெரிதும் எதிர்பார்த்தார். 1928ஆம் ஆண்டு அது வேறொருவருக்குச் சென்றது. 1929ஆம் ஆண்டும் அவ்வாறே ஆயிற்று. ஏமாற்றம் அவருக்கும் உண்டு. ஆனால் ஆய்வுக்கூடத்தின் கதவு ஒருநாளும் மூடப்படவில்லை. 1930ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. அறிவியலுக்காக அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

உடன் உழைத்த கிருஷ்ணனுக்கு அப்பரிசில் பங்கு கிடைக்கவில்லை. எனினும் அவர் ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை. படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்து பெரும்புகழ் எய்தினார். தில்லியில் தொடங்கப்பட்ட தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக விளங்கினார். தில்லியில் வாழும் மாணவர்கள் அவர் பெயர் தாங்கிய சாலையை இன்றும் காணலாம். மேடையில் ஏறாதவரின் உழைப்பும் வீணாவதில்லை என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

மாணவரை நாடிய முதுமை

1933ஆம் ஆண்டு இராமன் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். 1934ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் அகாதெமியை நிறுவினார். 1948ஆம் ஆண்டில் தம் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, இறுதிவரை அங்கே உழைத்தார். படிகங்கள், கனிமங்கள், சிப்பிகள், வண்ணத்துப்பூச்சிகள் எனத் தாம் விரும்பிச் சேர்த்தவற்றை அங்கே காட்சிப்படுத்தினார். 1954ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

1968ஆம் ஆண்டு டிசம்பரில், எண்பது வயது நிறைந்த இராமன் அகமதாபாத்தில் உள்ள சமூக அறிவியல் மையத்திற்கு வந்தார். நோபல் பரிசு பெற்ற அம்முதியவர் அங்கே பேச எடுத்துக்கொண்ட பொருள், வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதே. எந்தக் குழந்தையும் கேட்கக்கூடிய வினா அது. இளமையில் பற்றிய வினாவை முதுமையிலும் அவர் விட்டாரில்லை. 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் அவர் இயற்கை எய்தினார். அவர் கண்டுபிடிப்பின் நினைவாகப் பிப்ரவரி 28ஆம் நாள், 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நாமும் பங்கேற்போம்

மாணவர்களே! தொடக்கத்தில் கூறிய மூன்று தயக்கங்களை இப்போது எண்ணிப் பாருங்கள். கருவி இல்லையே என்னும் தயக்கத்திற்குக் கல்லூரி ஆய்வகத்தின் பழைய கருவியும் கப்பலில் பயன்பட்ட சிறு பட்டகமும் விடை கூறுகின்றன. பிறர் செய்து தரவேண்டும் என்னும் எண்ணத்திற்கு, பதினெட்டு வயதில் அவர் தாமே எழுதிய கட்டுரை விடை கூறுகிறது. பரிசு கிடைக்காவிடில் என்னாவது என்னும் அச்சத்திற்கு, இராமன் காத்திருந்த ஆண்டுகளும் கிருஷ்ணனின் வாழ்வும் விடை கூறுகின்றன.

இன்று உங்களுக்கு வாய்ப்புகள் பல உள. பள்ளிதோறும் அறிவியல் கண்காட்சி நடைபெறுகிறது. மாணவரின் புதிய எண்ணங்களைத் தேர்ந்தெடுத்து, மாதிரி செய்வதற்கு 10,000 ரூபாய் வழங்கும் இன்ஸ்பயர் மானக் என்னும் மைய அரசுத் திட்டமும் உண்டு. வாழும் ஊரின் சிக்கல் ஒன்றை ஆராய்வதற்குத் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993ஆம் ஆண்டு முதல் வழிவகுத்துள்ளது. கடையில் வாங்கிய எரிமலை மாதிரியைக் காட்டிலும், உங்கள் குடியிருப்பின் குழாய்நீர் ஏன் வெண்படிவு விடுகிறது என்னும் வினா சிறந்தது. அத்தகைய வினா ஒன்றைத் தேடுங்கள், அளந்து பாருங்கள், கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். போட்டியில் பரிசு ஒருவருக்கே கிடைக்கலாம். வினவிக் கண்டறியும் இன்பமோ பங்கேற்கும் அனைவருக்கும் உரியது.

சொல்லும் பொருளும்

திங்கள் – மாதம்
நீர்மம் – திரவம்
சாயல் – மெல்லிய தோற்றம்
அல்லும் பகலும் – இரவும் பகலும்
நுணுகி – நுட்பமாக
இயற்கை எய்தினார் – இறந்தார்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. இராமன் பிறந்த ஊர் __________.
2. கடலின் நிறத்தை இராமன் சோதித்த கப்பலின் பெயர் __________.
3. தேசிய அறிவியல் நாள் கொண்டாடப்படும் நாள் __________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இராமன் இங்கிலாந்து சென்று பயில இயலாமற் போனது ஏன்?
2. மிருதங்கத்தில் இனிய சுருதி பிறப்பதற்குரிய காரணம் யாது?
3. கடலின் நீலம் வானத்தின் சாயல் அன்று என்பதை இராமன் எவ்வாறு தெளிந்தார்?

இ. பத்துத் தொடர்களில் விடை எழுதுக.
1. இராமன் விளைவு கண்டறியப்பட்ட வரலாற்றைத் தொகுத்து எழுதுக.
2. பரிசு பெறாதவரின் உழைப்பு வீணாவதில்லை என்பதைக் கிருஷ்ணனின் வாழ்வு கொண்டு விளக்குக.

ஈ. செய்து பார்ப்போம்.
கண்ணாடிக் குவளை ஒன்றில் நீரை நிரப்பி, சில துளி பால் கலக்குக. இருண்ட அறையில் கைவிளக்கின் ஒளியை ஒரு பக்கமிருந்து செலுத்துக. குவளையைப் பக்கவாட்டிலிருந்தும் விளக்கிற்கு எதிர்ப்புறமிருந்தும் நோக்கி, தோன்றும் நிறங்களைக் குறித்துக்கொள்க. பாலின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் நிறங்கள் எவ்வாறு மாறுகின்றன? கண்டவற்றை ஐந்து தொடர்களில் தமிழில் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.

உ. சிந்தித்து எழுதுக.
நீங்கள் நாள்தோறும் காணும் பொருள்களுள், இதுவரை காரணம் அறியாத ஒன்றைப் பற்றி வினா ஒன்று அமைக்க. அதற்கு விடை காண என்னென்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுக.